மலையகத்தில் கேம்பர் வேனுக்குக் கரண்ட் எடுப்பது எப்படி?

நுவரெலியாவில் ஒரு ஹொலிடே பங்களா முற்றத்தில் வேனை நிறுத்தி, சமையலறை ஜன்னல் வழியே நீட்டித் தரும் வயரில் இரவு ஏழு மணிக்குச் சொருகிப் பாருங்கள். மீட்டர் 191 வோல்ட் காட்டும் இடங்கள் உண்டு. அதே பிளக் பொயின்ட் அதிகாலை இரண்டு மணிக்கு 230-ஐத் தாண்டி நிற்கும். இலங்கையில் விநியோக அளவு 230 வோல்ட். அதிலிருந்து மேலும் கீழும் 6 சதவீதம், அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை, அனுமதிக்கப்பட்ட எல்லை. மலைக்குப் புதிதாக வேனில் வருகிறவர்கள் பிரிஜ், சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒன்றைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இந்த எல்லைக்கு வெளியேதான்.

கரண்ட் பிறக்கிற இடமே இதுதானே என்று கேட்கலாம். லக்சபானவும் மேல் கொத்மலையும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே உற்பத்தியாவது உயர் அழுத்த லைனில் ஏறிப் போய்விடுகிறது. உங்கள் வேனுக்கு வருவது 33,000 வோல்ட் லைனை 400 வோல்ட்டாக இறக்கும் ட்ரான்ஸ்போமரிலிருந்து. சமவெளியில் அதைச் சுற்றி வீடுகள் நெருக்கமாக இருக்கும். மலையில் ஒரு பங்களா இந்த மேட்டில், அடுத்தது அந்த மேட்டில். லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்), கடைகள், கோயில் என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு லைன் வளைந்து வளைந்து இறங்கும். கடைசிக் கம்பத்தில் இருப்பவருக்கு மிச்சம்தான். எல்லா வீட்டிலும் லைட்டும் டீவியும் ஹீட்டரும் ஓடும் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அந்த மிச்சம் இன்னும் குறையும். காலை ஐந்தரைக்கு மேல் சுடுதண்ணீர் ஹீட்டர்கள் போடும்போது மறுபடி ஒரு சரிவு. ஏப்ரல் சீசனில் நுவரெலியா முழுக்க விருந்தினர் நிறைந்திருக்கும்போது இதற்கு நேரக்கணக்கே கிடையாது.

ஆகவே மலையில் ஒரே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வெளிக்கரண்டை வேனில் நேரடியாகப் பாவிக்காதீர்கள். அது பெட்டரியை நிரப்பட்டும். மெதுவாக, இரவு பத்தரைக்குப் பிறகு, சிறிய அளவில். வேனில் உள்ளதெல்லாம் பெட்டரியிலிருந்து ஓடட்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

கையோடு இருக்க வேண்டியவை

முதலில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். அதோடு பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று. வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் ஒரே திரையில் காட்டும் வகை வாங்குங்கள். இரவில் வேனுக்குள் படுத்தபடியே பார்க்கலாம். மூன்று சிறு விளக்குள்ள சொக்கட் டெஸ்டர், ட்ரிப் சுவிட்சை (கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் சுவிட்ச்) சோதிக்கும் பொத்தானோடு.

வேனுக்குள் வெளிக்கரண்ட் நுழைந்ததும் முதலில் சந்திக்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச். அடுத்து லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக வெட்டும் 10 ஆம்பியர் பிரேக்கர். அதற்கு அடுத்து, வோல்ட் எல்லை மீறினால் வெட்டும், அளவைத் திருத்தக்கூடிய வோல்ட்டேஜ் ப்ரொடெக்டர். பங்களாவில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்று நம்பி இதை விட்டுவிடாதீர்கள். அது எத்தனை வருஷம் பழையது, யாராவது அதைத் தாண்டி வயர் இழுத்திருக்கிறார்களா என்பதெல்லாம் வெளியில் நின்று பார்த்தால் தெரியாது.

சார்ஜர் 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் போதும். பெட்டியில் எழுதியிருக்கும் உள்ளீட்டு அளவைப் படித்து வாங்குங்கள். 100–240 அல்லது 180–265 என்று இருந்தால் மலைக்கு ஒத்துவரும். 220–240 மட்டும் என்றால் மாலை நேரத்தில் அது வேலை செய்யாமல் கிடக்கும், அல்லது விட்டு விட்டு ஓடும். பிரிஜ் 12 வோல்ட் கொம்ப்ரசர் வகையாக இருக்கட்டும். வீட்டு 230 வோல்ட் பிரிஜ்ஜின் மோட்டர் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். வோல்ட் குறைந்தால் கிளம்ப முடியாமல் திணறி, சுருள் சூடேறி எரியும்.

வயர்: மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

கடையில் வாங்கும் எக்ஸ்டென்ஷன் சுருள்கள் பலவற்றில் 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் வயர்தான் இருக்கும். 30 மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியர் இழுத்தால் 0.75 வயரிலேயே 14 வோல்ட் போய்விடும். 1.5 வயரில் 7 வோல்ட், 2.5-இல் 4 வோல்ட் சொச்சம். லைன் ஏற்கெனவே 205-இல் நிற்கும்போது இந்த 14 வோல்ட்தான் சார்ஜரை நிறுத்தும்.

மூன்று கோர், வளையக்கூடிய, ரப்பர் உறையுள்ள 2.5 வயர் 25 மீட்டர் எடுங்கள். வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் 7/0.67-உம் அதே பருமன்தான் என்று அதைத் தந்துவிடுவார்கள். வேண்டாம். சுவருக்குள் ஒரே இடத்தில் கிடக்கச் செய்த வயர் அது. தினமும் சுருட்டி விரித்தால் இழை முறியும். ஒரு முனையில் 13 ஆம்பியர் சதுரக்கால் பிளக் போடுங்கள், அதுதான் இப்போது நாட்டின் நியமம். பழைய தோட்டத்து பங்களாக்களில் 5, 15 ஆம்பியர் வட்டக்கால் பொயின்ட்டுகள் இன்னும் இருப்பதால் 15 ஆம்பியர் வட்டக்கால் பிளக் வைத்த அரை மீட்டர் மாற்று வயர் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். எர்த் கால் இல்லாத இரண்டு கால் மாற்றியைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

சுருளை முழுக்க விரித்த பிறகே சொருக வேண்டும். சுற்றியபடியே கரண்ட் ஓடினால் நடுச்சுற்றின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறை உருகும். மிஞ்சும் வயரை வேனுக்கு அடியில் பாம்பு போல வளைத்துப் போடுங்கள். இணைப்பு எதுவும் புல்லில் கிடக்கக் கூடாது. இங்கே மழை பெய்யாவிட்டாலும் பனிமூட்டம் நனைக்கும்.

சொருகும் முன்

வேனை நிறுத்துவதற்கு முன்பே பேசுங்கள். "அண்ணே, வேனுக்கு ராவைக்குக் கரண்ட் கொஞ்சம் வேணும், பெட்டரி சார்ஜ் பண்ண மட்டும். ஹீட்டர், அடுப்பு ஒண்ணும் போட மாட்டோம். மெயின் சுவிட்ச் பக்கத்துல இருக்கிற பொயின்ட் எதுங்க?" இப்படிக் கேட்டால் விஷயம் பாதி முடிந்தது. தோட்டத்துக் கொட்டிலில், கோழிக்கூட்டுப் பக்கம், வெளி லைட்டிலிருந்து இழுத்த பொயின்ட்டைக் காட்டினால் மரியாதையாக மறுத்து வீட்டுக்குள் உள்ளதைக் கேளுங்கள்.

1. பொயின்ட்டைக் கண்ணால் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அதை விடுங்கள்.

2. சொக்கட் டெஸ்டரைச் சொருகுங்கள். லைவ்வும் நியூட்ரலும் மாறியிருந்தாலோ எர்த் இல்லை என்று காட்டினாலோ அந்தப் பொயின்ட் வேண்டாம். எல்லா விளக்கும் சரியாக எரிவதால் எர்த் நல்லது என்று ஆகிவிடாது, இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். இங்கே வீட்டுக்கு வீடு தனி எர்த் கம்பிதான். பாறை மண்ணில் அரைகுறையாக இறங்கிய கம்பியும், துருப்பிடித்து விட்டுப்போன கம்பியும் மலையில் நிறைய. ஓனரிடம் சொல்லிவிட்டு டெஸ்டரின் பொத்தானை அழுத்துங்கள், வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழ வேண்டும். ட்ரிப் சுவிட்சில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திக் காட்டி "இந்தா பாருங்க, வேலை செய்யுது" என்பார்கள். அந்தப் பொத்தான் சுவிட்சின் உள்பொறியை மட்டும் சோதிக்கும். எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் விழும்.

3. மல்டிமீட்டரால் மூன்று அளவு எடுங்கள். லைவ்–நியூட்ரல், லைவ்–எர்த் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அது இருபது முப்பது என்று காட்டினால் நியூட்ரலிலோ எர்த்திலோ கோளாறு உண்டு. அன்றைக்குப் பெட்டரியோடு சமாளியுங்கள்.

4. இனி முக்கியமான சோதனை. சும்மா இருக்கும் லைன் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும், அதன் மேல் சுமை ஏற்றிப் பார்த்தால்தான் குணம் தெரியும். 1500 வாட் கேத்தலில் தண்ணீர் ஊற்றி வாட் மீட்டர் வழியாகப் போடுங்கள். போடும் முன் 226 காட்டியது, போட்டதும் 209-க்கு விழுந்தது, இழுப்பது 6 ஆம்பியர் என்று வையுங்கள். 17-ஐ ஆறால் வகுத்தால் ஓர் ஆம்பியருக்கு ஏறக்குறைய 3 வோல்ட் போகிறது. அதே லைனில் 1.5 ஆம்பியர் மட்டும் இழுக்கும் சார்ஜரைப் போட்டால் நாலரை வோல்ட்தான் விழும். ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த 3 என்ற எண்தான் இந்த இடத்தில் நீங்கள் எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சொல்லும்.

கேத்தல் கொதித்து முடிந்ததும் அதை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, அதன் கால்களுக்குப் பக்கத்தில் விரலை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை எடுக்க வைக்கும் சூடு என்றால் பொயின்ட்டுக்குள் திருகு தளர்ந்திருக்கிறது. இரவு முழுக்க அதில் எதையும் ஓட்டக் கூடாது. ஓனருக்கும் சொல்லிவிடுங்கள், அவருடைய வீட்டுக்கும் அது ஆபத்து.

6 ஆம்பியருக்கு 10 வோல்ட்டுக்குள் விழுந்தால் லைன் நன்றாக இருக்கிறது. 10 முதல் 20 வரை என்றால் சார்ஜர் மட்டும். 20-ஐத் தாண்டினால், அல்லது வீட்டு லைட் சேர்ந்து மங்கினால், சொருக வேண்டாம். வீழ்ச்சி எங்கே நடக்கிறது என்று அறிய அதே கேத்தலை மெயின் சுவிட்சுக்கு அருகிலுள்ள பொயின்ட்டிலும் போட்டுப் பாருங்கள். அங்கே குறைவாக விழுந்தால் குற்றம் வீட்டு வயரிங்கில். அங்கேயும் அதே அளவு விழுந்தால் கம்பத்திலிருந்து வரும் லைனே அப்படித்தான்.

சொருகும் வரிசை

வேனின் பிரேக்கர் கீழே இருக்கட்டும். வயரின் வேன் பக்க முனையை முதலில் இணைத்து, பிறகு வீட்டுப் பக்கம் சொருகி, அதன் பிறகு சுவிட்சைப் போடுங்கள். வேனுக்குள் போகும் முன் வேனின் உலோக உடலை ஸ்க்ரூடிரைவர் வகை லைன் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள், அதோடு மல்டிமீட்டரால் உடலுக்கும் ஈரமான தரைக்கும் இடையே அளந்து பாருங்கள். ரப்பர் டயரில் நிற்கும் வேன் தரையோடு ஒட்டுவதில்லை. எர்த் விட்டுப்போய் எங்கோ ஒரு வயர் உடலில் பட்டிருந்தால், ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறப்பவர்தான் எர்த் ஆகிறார். பிள்ளைகள் வேனைச் சுற்றி ஓடும் முன் இதைச் செய்து முடியுங்கள். எல்லாம் சரி என்றால் பிரேக்கரை மேலே போட்டு, வேனின் ட்ரிப் சுவிட்சை ஒருமுறை அழுத்திச் சோதியுங்கள்.

சார்ஜருக்கு மட்டும் எடுக்கும்போது பிளக்குக்குள் 13 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் பியூஸ் போடுவது நல்ல பழக்கம். யாராவது மறந்துபோய் 2000 வாட் ஹீட்டரைப் போட்டு ஓட விட்டால் வீட்டு வயருக்குப் பதிலாக அந்தச் சின்ன பியூஸ் போகும்.

ப்ரொடெக்டரில் என்ன அளவு வைப்பது

கீழெல்லை 195, மேலெல்லை 250, மறுபடி இணைக்கும் தாமதம் 180 வினாடி. இதில் தொடங்கலாம். வாங்கும்போதே அதில் வைத்திருக்கும் தாமதம் சில நேரம் சில வினாடிதான் இருக்கும், அது பிரிஜ் உள்ளவர்களுக்குப் பகை. நின்ற கொம்ப்ரசருக்குள் அழுத்தம் இறங்க மூன்று நிமிடமாவது வேண்டும்.

பலர் தடுமாறுவது மறுஇணைப்பு எல்லையில். ஓர் ஆம்பியருக்கு 3 வோல்ட் விழும் லைனில் 6 ஆம்பியர் ஓடுகிறது, 195-இல் ப்ரொடெக்டர் வெட்டுகிறது என்று வைப்போம். சுமை இல்லாததால் வோல்ட் உடனே 213-க்கு ஏறும். மறுஇணைப்பை 200 என்று வைத்திருந்தால் மூன்று நிமிடம் கழித்து இணைக்கும், வோல்ட் மறுபடி விழும், மறுபடி வெட்டும். விடிய விடிய 'டக் டக்' சத்தம், பெட்டரியோ அப்படியே கிடக்கும். வெட்டும் எல்லைக்கும் சேர்க்கும் எல்லைக்கும் இடையே, உங்கள் சுமை உண்டாக்கும் வீழ்ச்சியை விடப் பெரிய இடைவெளி வேண்டும். அந்த 18 வோல்ட்டை இடைவெளியாக வைப்பதை விட சுமையைக் குறைப்பதே மேல். சார்ஜரில் அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் 20-இலிருந்து 10 ஆம்பியருக்கு இறக்குங்கள்.

இரவுக் கணக்கு

20 ஆம்பியர் சார்ஜர் வெளியிலிருந்து எடுப்பது 320 வாட் அளவில். இரவு பத்தரைக்குப் போட்டு ஐந்தரைக்கு நிறுத்தினால் 7 மணி நேரம், 140 ஆம்பியர்-மணி வரை கொடுக்கும். 100 ஆம்பியர்-மணி லிதியம் பெட்டரி காலியாக இருந்தாலும் நிரம்பிவிடும். ஆறரைக்கு வந்து சேர்ந்ததும் சொருக வேண்டிய அவசியமே இல்லை. மலிவான டைமர் ஒன்றைச் சார்ஜருக்கு முன்னால் வைத்தால் நீங்கள் தூங்கலாம்.

லிதியம் பெட்டரியை வேனுக்கு வெளியே உள்ள பெட்டியில் வைத்திருப்பவர்கள் ஜனவரி, பெப்ரவரியில் கவனமாக இருங்கள். நுவரெலியாவில் சில அதிகாலைகளில் புல்லில் துகள் உறைபனி படியும். பெட்டரியின் உட்சூடு பூச்சியத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். உள்ளே, கட்டிலுக்கு அடியில் வைத்தால் இந்தக் கவலை இல்லை.

குளிருக்கு 2000 வாட் ஹீட்டர் போட ஆசை வரும். இந்த லைன்களை முறிப்பது அதுதான். 190 வோல்ட்டில் அதன் சூடும் 68 சதவீதமாகக் குறைந்துவிடும், கரண்ட் மட்டும் போய்க்கொண்டிருக்கும். 12 வோல்ட் மின்போர்வை 50 வாட் அளவில் உடம்பை நேரடியாகச் சூடாக்கும். கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ குளிர்காய வேனுக்குள் எரிய விட்டுத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சமையல் காஸில், கதவைத் திறந்து வைத்து, முடிந்ததும் அணைத்து.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

பெட்டரி வழி போகிறவருக்குத் தேவையில்லை. 230 வோல்ட் பிரிஜ்ஜை மாற்ற முடியாதவர்களுக்கு மட்டும் உதவும். ஸ்டெபிலைசர் கரண்டை உண்டாக்குவதில்லை. 180 வோல்ட்டை 230 ஆக்க லைனிலிருந்து 28 சதவீதம் கூடுதல் ஆம்பியரை இழுக்கிறது. பலவீனமான லைன் அதனால் இன்னும் விழும், அது இன்னும் இழுக்கும், பக்கத்து லயத்து லைட்டும் சேர்ந்து மங்கும். வாங்கினால் 1 கே.வி.ஏ. வேலைக்கு 2 கே.வி.ஏ. எடுங்கள். குறைந்த வோல்ட்டில் முழு அளவைத் தாங்காது. தாமதம் உள்ள வகையா என்று பாருங்கள்.

வோல்ட் கூடினால்

குறைந்த வோல்ட் மெதுவாகக் கெடுக்கும், கூடிய வோல்ட் நொடியில் முடித்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றில், மே முதல் செப்டெம்பர் வரை, சவுக்கும் யூக்கலிப்டஸும் லைனில் விழுவது வழக்கம். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டில் லைட் மங்கும், அடுத்த வீட்டில் பளீரென்று எரியும். அந்த நேரத்தில் 230 இருக்க வேண்டிய பொயின்ட்டில் 300-க்கு மேல்கூட வரும். லைட் வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசித்தால் காரணம் தேடாமல் வேனின் பிரேக்கரைக் கீழே தள்ளுங்கள். வீட்டுக்காரரையும் மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லி, மின்சார சபைக்கு 1987 என்ற தொலைபேசி எண்ணில் அறிவிக்கச் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் வயர் பக்கம் யாரும் போகக் கூடாது.

மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பிற்பகல் இடி சகஜம். முதல் இடி தூரத்தில் கேட்கும்போதே வயரை வீட்டுப் பக்கம் கழற்றி, வேன் பக்கமும் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடாதீர்கள். மின்னல் தடுப்புக் கருவி நல்ல எர்த் இருந்தால்தான் வேலை செய்யும். அந்த எர்த்தைத்தான் இங்கே நம்ப முடியவில்லை.

கரண்ட் போய்த் திரும்பி வரும் முதல் சில நிமிடங்களில் வோல்ட் ஆடும். ப்ரொடெக்டரில் வைத்த 180 வினாடி இதற்கும் சேர்த்துத்தான்.

வெளிக்கரண்ட் கிடைக்காத நாள்

ஓடும் எஞ்சினிலிருந்து 30 ஆம்பியர் எடுக்கும் டிசி சார்ஜர் ஒன்று போட்டிருந்தால் இரண்டு மணி நேர மலைப்பாதை ஓட்டத்தில் 60 ஆம்பியர்-மணி வரை சேரும். சோலரை ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் நம்பலாம். மூட்டம் மூடிய நாளில் அதன் பங்கு சொற்பம். ஜெனரேட்டர் கொண்டு வருபவர்கள் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் பெற்றோல் எஞ்சின் 3.5 சதவீத வலுவை இழக்கும். 1,868 மீட்டரில் உள்ள நுவரெலியாவில் 2000 வாட் ஜெனரேட்டர் 1,550-க்கு மேல் தாங்காது. வேனிலிருந்து தள்ளி, புகை காற்றோடு அப்பால் போகும் திசையில் வையுங்கள்.

காலையில் கிளம்பும்போது வேனின் பிரேக்கரை இறக்கி, பிறகு வீட்டுப் பக்கம், கடைசியாக வேன் பக்கம் கழற்றுங்கள். வாட் மீட்டரில் யூனிட் கணக்கு நிற்கும். இப்படி ஓர் இரவு சார்ஜ் செய்தால் இரண்டேகால் யூனிட் வரை வரும். அந்த எண்ணை ஓனரிடம் காட்டி, அவர் கேட்காவிட்டாலும் அதற்குரிய காசைக் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த வேன்காரருக்கும் அந்த ஜன்னல் வழியே வயர் நீட்டுவார்.